ரத்தம் நிற்பதற்குள்

“அடுத்த தடவ ரத்தம் வரும்போதே வந்துடுங்க. நின்னப்புறம் வராதீங்க” என்றார் டாக்டர் இசோபே.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று இடுப்பு வரை குனிந்தார். “தொந்தரவு கொடுத்ததுக்கு மன்னிக்கணும்” என்றார். அவர் காலமெல்லாம் நகரப் பேருந்து ஓட்டியவர். சிக்னலில் கொஞ்சம் கூடுதலாக நிற்க நேர்ந்தாலும் மைக்கில் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள். அவர் உடம்பில் இருந்து ரத்தம் கொட்டியதற்கு அவரே டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எரிச்சல்தான் வந்தது.

எரிச்சலுக்கு அடியில் பயம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபக்காரி என்று எனக்குத் தெருவில் பெயர் உண்டு. என் கோபத்தில் முக்கால்வாசி பயம்தான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“எப்போ வரும் டாக்டரம்மா?” என்று கேட்டேன்.

“அது தெரிஞ்சா நான் ஏன் உங்கள வீட்டுக்கு அனுப்பறேன்? நாளைக்கே வரலாம், அடுத்த வருஷம் வரலாம். வராமலே போகலாம்னு சொல்ல ஆசைதான். ஆனா சொல்ல மாட்டேன்.”

டாக்டர் இசோபே என் மகள் சிஹோவை விடக் கொஞ்சம்தான் மூத்தவர். குள்ளமான உருவம், சின்னச் சின்னக் கைகள். சர்க்கரை தடவிப் பேசத் தெரியாதவர். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மேசையிலிருந்த ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் குடலை வரைந்து காட்டினார். வாய் வழியாக இரைப்பையைப் பார்த்தாயிற்று, சுத்தம். பின்வழியாகப் பெருங்குடலைப் பார்த்தாயிற்று, அதுவும் சுத்தம். நடுவில் இருக்கிற சிறுகுடலில்தான் எங்கேயோ கோளாறு.

“நூல் மாதிரி ஒரு ரத்தக்குழாய். தானா திறக்குது, தானா மூடிக்குது. மூடியிருக்கும்போது என் மூக்குக்கு முன்னாலயே இருந்தாலும் எனக்குத் தெரியாது. போன தடவ அப்படித்தான் ஆயிருக்கும்.”

அந்த நீளக் குடலுக்குள் எப்படித்தான் போகிறீர்கள் என்று கேட்டேன். குழாயில் இரண்டு சின்ன பலூன்கள் இருக்குமாம். ஒன்றை ஊதிக் குடலைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றைத் தள்ளுவது, பிறகு அதை ஊதிப் பிடித்துக்கொண்டு இதை நகர்த்துவது. பைஜாமாவுக்கு எலாஸ்டிக் கோர்க்கும்போது துணியைச் சுருக்கிச் சுருக்கி ஊக்கை முன்னால் தள்ளுவோமே, அதே கதைதான். கேட்டபோது நன்றாகத்தான் புரிந்தது. பைஜாமா இருந்த இடத்தில் என் வீட்டுக்காரரை வைத்துப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

முதல் தடவை ரத்தம் போனது வருடக் கடைசியில். வீட்டைப் பெருக்கித் துடைக்கிற நாள். கழிப்பறை வாசலில் விழுந்து கிடந்தார். தரையெல்லாம் தார் போலக் கறுப்பாக இருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். எங்கள் சந்து குறுகலானது. சைரன் உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கச் சுவரிலும் மோதிக் காதைக் கிழிக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் திறந்தது. முதலில் திறந்தது எதிர்வீட்டுக் குரொசு அம்மாவின் ஜன்னல். எந்த வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தாலும் அந்த ஜன்னல்தான் முதலில் திறக்கும். அந்தம்மாவுக்கு ஊர் வம்பு இல்லாவிட்டால் சோறு இறங்காது என்று நான் அவ்வப்போது சொல்வதுண்டு.

ஊர் பேர் தெரியாதவர்களின் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு அவர் வீடு திரும்பினார். வந்ததும் செய்த முதல் காரியம், கடைக்குப் போய் செம்பே பெட்டிகள் வாங்கியதுதான். நாங்கள் பச்சைத் தேநீரோடு கடித்துச் சாப்பிடுகிற அரிசி வில்லைதான் செம்பே. எங்கள் சந்தில் அதுதான் வழக்கம். யார் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்ததோ அந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு வாசலாகப் போய், “அன்னைக்குச் சத்தம் போட்டுட்டோம், மன்னிக்கணும்” என்று பெட்டியைக் கொடுப்பார்கள். நிற்கவே தெம்பில்லாத மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் குனிந்தார். நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“இனிமே இந்தக் கூத்து வேணாம் கினுயோ” என்றார் வீட்டுக்கு வந்ததும். “எதிர்வீட்டுக் குரொசு ஐயா எப்படிப் போனார் பாத்தல்ல? யாருக்கும் தெரியாம, ஒரு சத்தம் இல்லாம. போனா அப்படிப் போகணும்.”

குரொசு ஐயா சில வருடங்களுக்கு முன்னால் மாரடைப்பில் இறந்தவர். காலையில் வாசலில் இரங்கல் அறிவிப்பு தொங்கிய பிறகுதான் தெருவுக்கே தெரியும். “யாருக்கும் தொந்தரவு கொடுக்காமப் போயிட்டார்” என்று சாவு வீட்டில் ஒருவர் விடாமல் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். குரொசு அம்மா தலையைக் குனிந்தபடி எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தடவை ரத்தம் வந்தபோது இவர் என்னிடம் மூச்சே விடவில்லை. பசியில்லை என்று படுத்துக்கொண்டார். மறுநாள் முதல் பேருந்தைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆமாம், பேருந்தில்தான். வெளிறிப் போயிருந்தவரைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடப் பெண் உட்கார இடம் கொடுத்தாளாம். வேண்டாம் என்று நின்றுகொண்டே போனாராம். போய்ச் சேர்வதற்குள் ரத்தம் நின்றுவிட்டது. கேமரா வைத்த மாத்திரையை விழுங்கச் சொன்னார்கள். சிறுகுடலில் எங்கேயோ பழைய ரத்தம் திட்டாகத் தெரிந்தது. பலூன் குழாயை வாய் வழியாக விட்டுப் பார்த்தார்கள். குழாய் போன இடம் வரைக்கும் ஒன்றுமே இல்லை. அது நின்ற இடத்தில் அடையாளத்துக்கு உள்ளே மை குத்திவிட்டுத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு சொன்னதுதான் “ரத்தம் வரும்போதே வாங்க.”

காத்திருப்பதில் பல ரகம் உண்டு. பிள்ளைக்காகக் காத்திருப்பேன், மழைக்காகக் காத்திருப்பேன். வீட்டுக்காரரின் ரத்தத்துக்காகக் காத்திருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வராமல் இருக்க வேண்டும் என்று காலையில் சாமி அறையில் மணி அடிப்பேன். வந்து தொலைத்தால் ஒரு வழியாக முடிந்துவிடுமே என்று மத்தியானம் தோன்றும். உடனே என் வாயை நானே பொத்திக்கொள்வேன்.

வீட்டில் கறுப்பு நிறச் சாப்பாட்டையெல்லாம் நிறுத்தினேன். கடற்பாசித் தொக்கு இல்லை, கறுப்பு எள் இல்லை. மலத்தின் நிறத்தில் குழப்பம் வரக்கூடாது அல்லவா? அடுத்து, கழிப்பறை. அவர் ஓய்வு பெற்றபோது சிஹோ வாங்கிக் கொடுத்த நவீனக் கழிப்பறை அது. கிட்டே போனால் தானாக மூடி திறக்கும், எழுந்தால் தானாகத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். நாம் பெற்றதை நாமே திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமில்லாத ஏற்பாடு. அந்தத் தானியங்கி ஸ்விட்சை அணைத்து வைத்தேன்.

“போனதும் என்னைக் கூப்பிடணும். நான் பாத்தப்புறம்தான் தண்ணி.”

“நான் என்ன கைக்குழந்தையா?”

“கைக்குழந்தைன்னா பொய் சொல்லாது.”

அவர் முகம் சிவந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் குளியலறைக் கதவை ஒரு நாளும் திறந்து போட்டதில்லை. ஆனாலும் கூப்பிட்டார். ஒவ்வொரு நாளும் கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். நான் உள்ளே போய்ப் பார்ப்பேன். “சரி” என்பேன். அந்த ஒரு சொல் வருகிறவரை இருவருமே மூச்சு விடமாட்டோம். இப்படியே வசந்தம் போயிற்று.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சாக்கடை தூர்வாருவோம். வீட்டுக்கு ஒருவராவது வந்தாக வேண்டும். அந்த வருடம் சந்துத் தலைவர் முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. ரப்பர் பூட்சு, கழுத்தில் துண்டு, கையில் மண்வெட்டி என்று என் வீட்டுக்காரர் விடிந்ததும் கிளம்பிவிட்டார். வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். “தலைவரே வரலேன்னா நல்லாருக்குமா?” என்றார்.

பனி விலகி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொக்கி போட்டுக் கல்மூடிகளைத் தூக்கினார்கள். கருஞ்சேற்றை அள்ளிச் சாக்கு மூட்டைகளில் கட்டிச் சந்து முனையில் அடுக்கினார்கள். அதற்குப் பக்கத்தில், மூட்டைகளை ஏற்றிப் போக எங்கள் சந்துக்காரன் ஹனவா தன் குட்டி லாரியை நிறுத்தியிருந்தான். சேற்று நாற்றத்தோடு கேலியும் கிண்டலுமாக வேலை நடந்தது.

“தலைவரே, பஸ் மாதிரி ஒவ்வொரு வாசல்லயும் நின்னு நின்னு போறீங்களே! எக்ஸ்பிரஸ் விடக்கூடாதா?” என்றான் ஹனவா.

“இறங்கறவங்க முதல்ல இறங்கட்டும்” என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எல்லாருக்கும் தேநீர் பாட்டில் எடுத்து வர வீட்டுக்குள் போனேன். போனதோடு கழிப்பறைக்கும் போனேன். எழுந்தேன். என் கை எதையும் தொடவில்லை. பின்னால் தண்ணீர் தானாகச் சுழன்று அடித்துக்கொண்டு இறங்கியது.

சுவரிலிருந்த ஸ்விட்சைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. நான் அணைத்து வைத்த ஸ்விட்ச். இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் போடவில்லை. நான் பார்க்கக் கூடாதது ஒன்று இருந்தால் மட்டும்தான் அவர் அதைப் போட்டிருப்பார்.

ரப்பர் பூட்சைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினேன். அவர் சாக்கடை ஓரத்தில் மண்வெட்டிக் கட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தார். நிற்கிறார் என்றுதான் தூரத்தில் தெரிந்தது. கிட்டே போனபோது, அந்தக் கட்டைதான் அவரை நிறுத்தி வைத்திருந்தது என்று புரிந்தது. முகத்தில் சொட்டு நிறம் இல்லை. மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக இருந்தது.

“ஏங்க, ஸ்விட்ச போட்டது நீங்கதானே?”

“எந்த ஸ்விட்ச்?”

“காலையில இருந்து எத்தன தடவ போச்சு?”

“மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க.”

“எத்தன தடவன்னு கேட்டேன்!”

கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். “ரெண்டு… மூணு. இன்னும் கொஞ்சம் மூடிதான் பாக்கி. முடிச்சுட்டுப் போலாம் கினுயோ. பாதியில விட்டுட்டுப் போனா நல்லாருக்காது.”

“சேத்த அள்ளி முடிக்கறதுக்குள்ள ரத்தம் நின்னு போச்சுன்னா?”

“நின்னா நல்லதுதானே” என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு வெட்கம், மானம், தெருவின் மரியாதை எதுவுமே நினைவில் இல்லை.

“இவருக்கு ரத்தம் போகுது!” என்று கத்தினேன். கோபக்காரிதான், ஆனாலும் அந்தச் சந்தில் நான் ஒரு பூனையைக்கூட உரக்கக் கூப்பிட்டதில்லை. மண்வெட்டிகள் அப்படியே நின்றன. “உள்ள ரத்தம் போகுது! காலையில இருந்து போகுது, சொல்லாம நிக்கிறார்!”

நான் கத்தியது அவருக்குத் தாங்கவில்லையா, உடம்பு தாங்கவில்லையா, தெரியாது. கட்டையைப் பிடித்தபடியே மெல்ல மடங்கிச் சேற்றில் உட்கார்ந்தார். நான் ஏப்ரனில் இருந்து போனை எடுத்தேன். அவர் என் பாவாடை நுனியைப் பிடித்து இழுத்தார்.

“சத்தம் வேணாம்னு சொல்லு. சந்து முனையில நிறுத்தச் சொல்லு.”

போனில் இருந்த பையன் அவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். “சைரன் இல்லாம வர முடியாதுங்கம்மா, சட்டம் அப்படி” என்றான்.

“எவ்வளவு சத்தமா வர முடியுமோ அவ்வளவு சத்தமா வாங்க” என்றேன்.

யாரும் கிட்டே வரவில்லை. நல்லவர்கள்தான் எல்லாரும். கிட்டே வருவது மரியாதையா, பார்க்காத மாதிரி இருப்பது மரியாதையா என்று தெரியாமல் நின்றார்கள். முதலில் அசைந்தது குரொசு அம்மா. சேற்று வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வந்து, என் வீட்டுக்காரரைப் படுக்க வைத்து, காலைத் தூக்கி வாளிமேல் வைத்தார். தன் கழுத்துத் துண்டை மடித்துத் தலைக்கு அடியில் கொடுத்தார். பிறகு எழுந்து நின்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள். அந்த ஒடிசலான உடம்பில் இருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

“ஹனவா! வண்டிய எடுடா! வாசல அடைச்சுக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறியே! மத்தவங்க மூட்டையத் தூக்குங்க. எங்க வேணா போடுங்க. என் பூந்தோட்டத்துல போடுங்க!”

அவர் வீட்டு ஹைட்ராஞ்சியாச் செடிகள் அப்போதுதான் மொட்டு விட்டிருந்தன. அதன் மேலேயே சேற்று மூட்டைகள் விழுந்தன. சைரன் கேட்டபோது சந்து காலியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இசோபே சாதாரண உடையில் ஓடி வந்தார். அவருக்கு அன்று விடுமுறை. ஸ்ட்ரெச்சரில் இருந்தபடியே என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். “ஞாயித்துக்கிழமையில வந்து தொந்தரவு…”

“ஐயா, போன தடவ பஸ்ல வந்தீங்களே, அதுதான் எனக்குத் தொந்தரவு. இப்ப பேசாதீங்க.”

மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடலின் மேல்பாதியில் ஒரு இடத்தில் மருந்து கசிவது தெரிந்தது. இன்னும் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்து வாங்கும்போது டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. குழாய் போகும்போது குடலில் ஓட்டை விழலாம். நடுவில் இதயம் தடுமாறலாம்.

“போய்ச் சேர்றதுக்குள்ள ரத்தம் நின்னுட்டா?” என்றேன்.

“நின்னுட்டா மறுபடியும் தேடணும். கிடைக்கலேன்னா மறுபடியும் காத்திருக்கணும். இவர் உடம்பு இன்னொரு தடவ தாங்குமான்னு எனக்குத் தெரியல.”

“நிக்கவே இல்லேன்னா?”

“வயித்தத் திறக்கணும். திறந்தாலும் எங்க வெட்டறதுன்னு தெரியணுமே. அதனால நான் கண்டுபிடிச்சே ஆகணும். போயிட்டிருக்கும்போதே கண்டுபிடிக்கணும்.” என் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டு உள்ளே போனார். கதவு மூடியது.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தேன். காலில் ரப்பர் பூட்சு, ஏப்ரன் முழுக்கச் சேறு. ஒரு நர்ஸ் எதுவும் சொல்லாமல் ஒரு ஜோடி ஸ்லிப்பரைக் கொண்டு வந்து வைத்தாள். மாற்றிக்கொள்ளக் கை வரவில்லை. எங்கள் தோச்சிகி மாவட்டத்தில் கோடை மத்தியானம் என்றால் இடி இல்லாமல் இருக்காது. மலைப்பக்கம் உறுமத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு உறுமலுக்கும் உள்ளே யாரோ எதையோ கீழே போட்டுவிட்டது போலத் தூக்கிவாரிப் போட்டது.

அப்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? சொல்லவே நா கூசுகிறது. நிற்காதே என்று வேண்டிக்கொண்டேன். என் புருஷனின் ரத்தமே, நின்றுவிடாதே. இன்னும் கொஞ்ச நேரம் போய்க்கொண்டே இரு. அந்த அம்மா உன்னைப் பார்க்கும்வரை போ. நர்ஸ் ஓடி வந்து இன்னொரு ரத்தப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதைப் பார்த்ததும் ஐயோ, போதும், நின்று தொலை என்று மனசு கதறியது. உடனே, வேண்டாம், நிற்காதே. இப்படி முன்னும் பின்னும் இழுபட்டதில் எந்தச் சாமிக்கு என் வேண்டுதல் புரிந்திருக்கும்? எனக்கே புரியவில்லை. அவர் செத்துப்போவார் என்றே நினைத்தேன். அவரைக் கொல்லச் சொல்லி நானே வேண்டிக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

கதவு திறந்தது. டாக்டரம்மா என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது.

“பிடிச்சாச்சு” என்றார்.

பிறகு படத்தைக் காட்டினார். இளஞ்சிவப்பான, ஈரமான, ஆரோக்கியமான குடல் சுவர். அதில் புண் இல்லை, வீக்கம் இல்லை. ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி. அதிலிருந்து ஒரு ரத்த நூல் பீச்சிக்கொண்டு எதிர்ச் சுவரைத் தொட்டது. அடுத்த படத்தில் அந்தப் புள்ளியை ஒரு குட்டி உலோகக் கிளிப் கவ்விப் பிடித்திருந்தது. நூல் இல்லை.

“இவ்வளவுதானா?” என்றேன். என்னை ஆறு மாதமாகத் தூங்க விடாதது இவ்வளவுதானா?

“இவ்வளவுதான். பீச்சிக்கிட்டே இருந்துச்சு, அதனால மாட்டுச்சு.” படத்தில் விரலை வைத்தார். “போன தடவ நான் மை குத்தின இடத்துக்கு இந்தப் பக்கம்தான் இருக்கு. அன்னைக்கு இதத் தாண்டித்தான் போயிருக்கேன். திரும்பி வரும்போதும் தாண்டித்தான் வந்திருக்கேன். மூடியிருந்துச்சு.”

பேருந்தில் நின்றுகொண்டே போன அந்தக் காலைப் பொழுதை நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

“இனிமே வராதுல்ல?”

“இந்த இடத்துல வராது. வேற இடத்துல இதே மாதிரி ஒண்ணு இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பாத்துக்கிட்டே இருங்க.”

அவர் வீட்டுக்கு வந்ததும் நான் எதிர்பார்த்ததுதான் நடந்தது. சட்டைப் பொத்தானை இன்னும் முழுசாகப் போடவில்லை, செம்பே பெட்டி வாங்கினாயா என்று கேட்டார். வாங்கித்தான் வைத்திருந்தேன். இந்த முறை மூட்டையால் நசுங்கிய செடிகளுக்காகக் குரொசு அம்மாவுக்கு ஒரு பெட்டி கூடுதல். எல்லா வாசலிலும் குனிந்து முடித்து, கடைசியாக எதிர்வீட்டுக்குப் போனோம்.

“அன்னைக்கு அவ்வளவு சத்தம் போட்டு, உங்க தோட்டத்தையும் பாழாக்கி…” என்று இவர் இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினார்.

குரொசு அம்மா கையை நீட்டவில்லை. “இத நான் வாங்க மாட்டேன் தலைவரே” என்றார்.

ஒரு தடவை வேண்டாம் என்று சொல்வது மரியாதை. இரண்டு தடவை சொல்வதும் மரியாதைதான். இவர் இன்னும் குனிந்து மூன்றாம் தடவை நீட்டினார்.

“வாங்க மாட்டேன்னா வாங்க மாட்டேன்.” குரல் உயரவில்லை. “எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தப்போ நான் போனக் கையில எடுத்துட்டேன். ‘தெரு தூங்குது, விடியட்டும்’னார். கீழ வெச்சுட்டேன். சைரன் கேட்டா நான் ஜன்னலத் திறக்கறது உங்களுக்கெல்லாம் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். யாரோ போனக் கீழ வெக்கலன்னு பாக்கத்தான் திறக்கறேன்.”

நான் தலையைத் தூக்கவில்லை. வம்புக்காரி என்று நான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

“சாவு வீட்டுல நீங்க எல்லாரும் மெச்சுனீங்க, யாருக்கும் தொந்தரவு இல்லாமப் போனார்னு” என்றார் குரொசு அம்மா. “நெஜந்தான். அன்னைக்கு நாங்க யாரையும் எழுப்பல. தெரு பூரா நல்லாத் தூங்குச்சு.”

கதவைச் சாத்திக்கொண்டார். பலமாகக்கூடச் சாத்தவில்லை.

பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு சந்தைக் கடந்து வீட்டுக்கு வந்தோம். இவர் பெட்டியை மேசைமேல் வைத்தார். உட்கார்ந்தார். பிறகு எழுந்து கழிப்பறைக்குப் போனார். நான் சமையலறையில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன்.

“கினுயோ!”

அந்த மனிதர் வீட்டுக்குள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஜன்னல் திறந்திருந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும். அரிசிப் பாத்திரம் கையிலிருந்து நழுவிவிட்டது. வேறு இடத்தில் வரலாம் என்றாரே டாக்டரம்மா. இவ்வளவு சீக்கிரமா? போன் எங்கே வைத்தேன்? ஈரக்கையோடு சுவரைப் பிடித்துப் பிடித்து ஓடினேன்.

கதவு அகலத் திறந்திருந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவில்லை. என் முகத்தையே பார்த்தபடி நின்றார். ஸ்விட்சில் பச்சை விளக்கு இல்லை.

“வந்து பாரு” என்றார்.

பார்த்தேன். குனிந்து நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எல்லா மனிதர்களுக்கும் இருப்பதுதான்.

“சரி” என்றேன்.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“நாளைக்கும் கூப்பிடறேன்” என்றார். அவர் தன் கையாலேயே தண்ணீரைத் திறந்துவிட்டார்.